பொன் தேடிய மலையூர்

புதுச்சேரிக்கு அருகே, அரியாங்குப்பத்து ஆற்றின் கரையில் அரிக்கமேடு உள்ளது. உரோம நாட்டுடன் வாணிகம் புரிந்த பழந்துறைமுகம் இன்று அங்கு மண்மேடாய்க் கிடக்கின்றது. கடல் வாணிகம் வளர்த்த ஊர் அது. பொன்னாசையால் திடீரென எழுந்து, விரைவிலேயே ஒடுங்கிய ஊர்களும் தமிழ்நாட்டில் உண்டு. நீலகிரி மாவட்டத்தின் மேற்குக் கோடியிலுள்ள தேவாலாவும் பந்தலூரும் அத்தகையன.

மாணவர்களே! கடற்கரையில் வாழும் நமக்கு அம்மலைப் பயணம் புதியதோர் இன்பம் தரும். சேலம், கோயம்புத்தூர் வழியாக உதகமண்டலத்தை அடைந்து, அங்கிருந்து கூடலூருக்கு இறங்கவேண்டும். இடையே ஊசிமலையில் நின்று நோக்கினால், பள்ளத்தாக்குகள் பச்சைப் பட்டு விரித்தாற்போல் தோன்றும். கூடலூருக்கு அப்பால் தேயிலைத் தோட்டங்களின் நடுவே தேவாலா அமைந்துள்ளது.

பண்டு தொட்டே அங்குள்ள பணியர், குறும்பர் முதலிய பழங்குடியினர் ஓடை மணலை அரித்துப் பொன்துகள் எடுத்து வந்தனர். 1879-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரௌ ஸ்மித் என்னும் சுரங்க அறிஞர் வரவழைக்கப்பட்டார். அவர்தம் அறிக்கை 1880-இல் வெளிவந்தது. உடனே இலண்டன் மாநகரில் கம்பெனிகள் பல தோன்றின. மக்கள் போட்டியிட்டுப் பங்குகளை வாங்கினர். நோயால் நலிந்திருந்த காப்பித் தோட்டங்கள் பொன் விளையும் நிலங்கள் எனப் பெருவிலைக்கு விற்கப்பட்டன. பாறையை உடைக்கும் பொறிகள் மலைமேல் ஏற்றப்பட்டன.

ஆனால் நிகழ்ந்தது யாது? வண்டி வண்டியாகக் கல்லை இடித்தும் கிடைத்த பொன் மிகச் சிறிதே. மலைக்காய்ச்சல் தொழிலாளரை வாட்டியது. நிலத்திற்கும் பொறிக்கும் கொட்டிய பணம் திரும்பவில்லை. சில ஆண்டுகளுக்குள் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. கோலார்ச் சுரங்கமோ நூறாண்டுக்கு மேல் பொன் ஈந்து, 2001-ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டது. தேவாலாவுக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

இன்று அங்குச் செல்வோரைக் கவர்வன மலைச்சாரலும் பசுமையும் நடைப்பயணமுமே. தென்மேற்குப் பருவமழை அங்கு மிகுதியாகப் பொழியும். நடப்போர் காலில் அட்டைகள் பற்றும். ஆதலால் மழை ஓய்ந்த திங்களே செலவுக்கு ஏற்றது. யானைகள் உலவும் காடாதலின், வனத்துறையின் இசைவும் வழிகாட்டியின் துணையும் இன்றிக் காட்டுக்குள் புகுதல் கூடாது. கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளைப் புதர்கள் மூடியிருக்கும். பொன்னாசையால் அவற்றுள் நுழைந்து, மண் சரிந்து மாண்டோரும் உண்டு. வீரம் என்பது ஆழம் அறியாத குழியில் இறங்குவதன்று. அஞ்சவேண்டியதை அறிந்து அஞ்சுவதும் அறிவுடைமையே.

பொன்னை நாடி வந்தோர் வெறுங்கையுடன் திரும்பினர். அவர்கள் பொருட்படுத்தாத மழையும் மண்ணும் இன்றளவும் தேயிலையாய்த் தழைத்துப் பல்லாயிரவர்க்குப் பிழைப்பளிக்கின்றன. ஒரு நாட்டின் செல்வம் நிலத்தின் அடியில் மட்டும் இல்லை. நிலத்தின் மேலும் உள்ளது. அதனைக் காண்பதும் காப்பதும் நம் கடமையாகும்.