தும்பியும் நிழற்படமும்

தும்பி என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் தமிழ் பயில்வார் நினைவு குறுந்தொகையின் 2-ஆம் பாட்டிற்குச் செல்லும். ஆண்டு இறையனார் பாட்டில் விளிக்கப்பெறுந் தும்பி, தேனுண்ணும் வண்டினத்தது. இக்காலத்து அப்பெயர் பெற்றுள்ள தட்டாரப்பூச்சியோ, பிற பூச்சிகளை வானிலேயே பற்றியுண்ணும் வேட்டுவன். பெயர் ஒன்றாயினும் பொருள் வேறாதலின், ஏட்டறிவோடு அமையாது குளக்கரை சென்று கண்டறிதல் நம்மனோர்க்குங் கடனாம்.

முதற்கண் இனம் பிரித்தறிதல் வேண்டும். அமர்ந்தவிடத்துச் சிறகு நான்கினையும் விரித்து வைப்பது தட்டான். மெல்லிய உடலோடு சிறகினைப் பெரும்பாலும் மடக்கி வைப்பது ஊசித்தட்டான். இதன் கண்கள் ஒன்றற்கொன்று விலகி நிற்கும்.

தும்பியின் ஒவ்வொரு கண்ணும் பல்லாயிரஞ் சிறு கண்களின் தொகுதி. எத்திசையிற் சிறிது அசைந்தாலும் அஃது உணர்ந்துகொள்ளும். ஆகவே அதனைத் துரத்துதல் வீண். பல இனத்து ஆண்தும்பிகள் தமக்கென ஓரிடத்தைக் காத்து, பறந்து சென்றபின் முன்னிருந்த குச்சிக்கே மீளும் இயல்பின. அக்குச்சியின் அருகே, நம் நிழல் அதன்மேல் விழாதபடி அமைந்திருப்பின், அதுவே நம்மிடம் வரும். குளிர்ந்த விடியலில், உடல் வெப்பமுறுங்காறும் பறக்கமாட்டாது இருக்குமாதலின், அவ்வேளையே படமெடுக்க ஏற்றது.

காமிராவை உடலுக்கு நேர்ப்பக்கமாகப் பிடித்தால் தலைமுதல் வால்வரை தெளிவாகப் பதியும். மேலிருந்து ஒன்றும், பக்கத்திலிருந்து ஒன்றுமாக எடுத்தல் நலம். நிறத்தை மட்டும் நம்பலாகாது. குரோக்கோதெமிஸ் செர்விலியா என்னும் இனத்தில் முதிர்ந்த ஆண் செந்நிறத்தது. பெண்ணும் இளைய ஆணும் மஞ்சட்சாயலின.

பிரேசர் என்னும் இராணுவ மருத்துவர் இந்நாட்டுத் தும்பிகளைப்பற்றி 1933 முதல் 1936 வரை மூன்று பெருந்தொகுதிகள் வெளியிட்டார். பிடித்த உயிர்களை ஆராய்ந்தே அந்நூல் எழுந்தது. சில இனங்களை வாலின் நுனியிலுள்ள பற்றுறுப்பின் வடிவங்கொண்டே பிரிக்கவியலும். படத்தில் அது பெரும்பாலும் விளங்காது. அவ்விடத்து ஊகித்துப் பெயரிடாது பேரினப் பெயரோடு நிறுத்துதலே நேர்மை. ஆயினும், இறந்தபின் மங்கிப்போகுங் கண்ணின் நிறத்தையும், உயிருள்ளதன் ஒழுக்கத்தையும் காட்டவல்லது படமேயாம்.

பறக்குந் தும்பியைக் கண்டமாத்திரத்தால் அஃது அக்குளத்திற் பிறந்ததெனத் துணிதலுங் கூடாது. பாண்டாலா பிளாவசென்ஸ் என்னும் இனம் இந்தியாவினின்று மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கடல் கடந்து செல்கின்றதென 2009-இல் சார்லஸ் ஆண்டர்சன் என்பார் எழுதினார். பிறப்பிற்குச் சான்றாவது கோரைத்தண்டிற் பற்றிக்கிடக்கும் வெறுந்தோடே. நீருள் வாழும் இளம்பருவத்தில் இது குடலின் கடைப்பகுதியிலுள்ள செவுள்களால் மூச்சுவிட்டு, கீழுதட்டை நீட்டிக் கொசுப்புழு முதலியவற்றைப் பற்றியுண்ணும். பின்னர்க் கரையேறித் தோலுரித்துச் சிறகு பெறும். எனவே அத்தோட்டின் படம், பறப்பதன் படத்தினும் ஒருவாற்றான் மேம்பட்டது. அந்நீர் அதனைப் பிறப்பித்து வளர்த்ததென்று அது சாட்சி பகரும். குளத்தைத் தூர்த்தாலும், நீரில் நஞ்சு கலந்தாலும் அச்சாட்சி இல்லையாகும்.

நண்பர்காள்! தும்பியின் வாலில் நூல் கட்டி மகிழ்ந்த பருவம் நமக்குக் கழிந்தது. இனி நாளும் வேளையும் இடமுங் குறித்து, அதனை அதன் இடத்திலேயே விட்டுக் கற்போமாக. படைத்த பிதாவின் கைவேலையைச் சிதைக்காமற் கற்பதும் ஒரு வழிபாடே.