உயரம் ஏன் ஒரு வயதோடு நின்றுவிடுகிறது?

மாணவர்களே, இணைப்புத் திசு என்றால் உறுப்புகளைப் பிணைக்கும் நார்கள் மட்டுமல்ல. மூக்கின் நுனியில் வளைந்து கொடுக்கும் குருத்தெலும்பும் கடினமான எலும்பும் இணைப்புத் திசுக்களே. குருத்தெலும்பு உருவாகி, அதன் இடத்தில் எலும்பு அமைவதால்தான் நாம் உயரமாகிறோம்.

தொடை எலும்பு போன்ற நீண்ட எலும்புகளின் முனைகளுக்கு அருகே ‘வளர்ச்சித் தட்டு’ எனும் மெல்லிய குருத்தெலும்பு அடுக்கு உண்டு. அங்குள்ள உயிரணுக்கள் பிரிந்து, அடுக்கி வைத்த காசுகளைப் போல வரிசையாகின்றன. தம்மைச் சுற்றிக் கொலாஜன் புரதத்தைச் சுரக்கின்றன. பிறகு அவை பருத்து மடிகின்றன. அந்த இடத்தில் வேறு உயிரணுக்கள் எலும்பை உருவாக்குகின்றன.

இவ்வேலையைத் தூண்டுவது எது? மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தரும் வளர்ச்சி ஹார்மோன். அது கல்லீரலில் ‘ஐ.ஜி.எஃப்-1’ எனும் மற்றொரு ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. இரண்டும் சேர்ந்து குருத்தெலும்பு உயிரணுக்களைப் பெருக்குகின்றன. வளர்ச்சி ஹார்மோன் ஆழ்ந்த உறக்கத்தில் அதிகம் சுரக்கிறது.

வேலையை நிறுத்துவது எது? ஈஸ்ட்ரோஜன். ‘அது பெண்களின் ஹார்மோன் ஆயிற்றே!’ என்பீர்கள். ஆண்களின் உடலிலும் டெஸ்டோஸ்டெரோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. பருவ வயதில் முதலில் வளர்ச்சியை வேகப்படுத்தும் ஈஸ்ட்ரோஜன், நாளடைவில் வளர்ச்சித் தட்டு முழுவதும் எலும்பாகி மூடிக்கொள்ளச் செய்கிறது.

இதற்கு ஒரு சான்று 1994இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட அறிக்கை. 28 வயது ஆடவர் ஒருவரின் உயரம் 204 சென்டிமீட்டர். அப்போதும் அவர் வளர்ந்துகொண்டிருந்தார்! அவரது உடலில் ஈஸ்ட்ரோஜன் இருந்தது. ஆனால், அதை உணரும் ஏற்பி மரபணுக் கோளாற்றால் இயங்கவில்லை. பூட்டுக் கெட்டுவிட்டால் சாவி இருந்தும் பயனில்லை அல்லவா? அவருடைய வளர்ச்சித் தட்டுகள் மூடவேயில்லை.

இந்தப் பாடம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. உடற்கட்டுக்காகச் சில இளையர்கள் ஸ்டெராய்டு ஊசி போட்டுக்கொள்கிறார்கள். அவற்றில் சில உடலில் ஈஸ்ட்ரோஜனாக மாறி, வளர்ச்சித் தட்டுகளை முன்கூட்டியே மூடிவிடக்கூடும். தசை பெருக்கலாம், வளர வேண்டிய உயரம் போய்விடும். மூடிய தட்டை இணையத்தில் விற்கும் எந்த ‘உயர’ மாத்திரையும் திறக்காது. உயரத்தைப் பற்றிக் கவலை இருந்தால் மருத்துவரை நாடுங்கள். கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் தட்டுகளின் நிலை தெரிந்துவிடும்.

சிந்திக்க: அந்த ஆடவருக்கு ஈஸ்ட்ரோஜன் மருந்து கொடுத்தால் வளர்ச்சி நிற்குமா? காரணம் கூறுக.