பாடம் 8: வழியை அளந்து பொருளை வாங்குக

நுழையும் முன்

மாணவர்களே! உங்கள் வீட்டுத் தலைவாயிலின் அகலம் எத்தனை சென்டிமீட்டர்? ஊகித்து இங்கே எழுதுங்கள்: ________. பாடம் முடிந்தபின் அளந்து ஒப்பிடுவோம்.

1. சுரங்கம் கற்பித்த பாடம்

கோலார் தங்கவயலில் 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியைத் தொடங்கியது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அவற்றுள் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது. ஷாஃப்ட் எனப்படும் செங்குத்துக் குழியில் ஏறி இறங்கும் கூண்டின் வழியாகவே ஆட்களும் கருவிகளும் கீழே சென்றனர்.

1980ஆம் ஆண்டு டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானிய அறிவியலாரும் புரோட்டான் சிதைவை ஆராய, தரைக்கு அடியில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு கருவியை நிறுவினர். அதன் எடை சுமார் 140 டன். அவ்வளவு பெரிய கருவி முழுவடிவில் கூண்டினுள் நுழையுமா? நுழையாது. எனவே இரும்புத் தகடுகளும் குழாய் வடிவ உணர்கருவிகளும் தனித்தனியே இறக்கப்பட்டுச் சுரங்கத்துள்ளேயே அடுக்கப்பட்டன. கருவி நிற்கும் அறை பெரிதாயிருந்தால் மட்டும் போதாது. அங்குச் செல்லும் வழியும் இடந்தர வேண்டும்.

2. வீட்டுக்கும் அதே விதி

சுரங்கத் தொழிலாளர்க்கெனக் கட்டப்பட்ட லைன் வீடுகள் சிறியவை. அவை எழுந்த நாளில் குளிர்சாதனப் பெட்டியும் துவைப்பு இயந்திரமும் அங்கு வந்து சேரும் என எவரும் எண்ணியிரார். ராபர்ட்சன்பேட்டையின் மாடி வீடுகளிலோ படிக்கட்டு குறுகித் திரும்புகிறது. நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலில் சென்று உழைப்பவர், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் மகளின் திருமணத்திற்கு ஒரு பீரோ வாங்குகிறார். அது வாசலில் நின்றுவிட்டால் வண்டிக்கூலி வீணாகும். விடுப்பெடுத்த நாளின் ஊதியமும் போகும். திணித்து ஏற்ற முயன்றால் சுமப்பவரின் விரல் நசுங்கும்.

ஆதலின் தெருவிலிருந்து பொருள் நிற்கும் இடம்வரை நடந்து, ஒவ்வொரு குறுக்கத்தையும் அளந்து எழுதுக. அவற்றுள் மிகச் சிறிய அளவே முடிவு கூறும். வாயிலை அளக்கும்போது நிலைச்சட்டத்தின் வெளிப்புறத்தை அளத்தல் கூடாது. கதவைத் திறந்து வைத்து, உண்மையில் கிடைக்கும் இடைவெளியையே அளத்தல் வேண்டும். 76 சென்டிமீட்டர் நிலையில் கதவின் தடிமன் ஐந்து சென்டிமீட்டரை மறைத்தால் எஞ்சுவது 71 மட்டுமே. பொருளைப் பெட்டியோடு கொண்டுவருவதாயின் அட்டைப்பெட்டியின் அளவையும் கேட்டறிக.

3. நிற்கும், ஆனால் நிமிராது

பீரோவின் உயரம் 198 சென்டிமீட்டர். ஆழம் 48 சென்டிமீட்டர். அறையின் பரண் 200 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளது. பொருந்தும் என்றே தோன்றும். ஆயினும் படுக்க வைத்துக் கொணர்ந்த பீரோவைப் பரணுக்கு அடியில் நிமிர்த்தும்போது அதன் மூலைவிட்டம் செங்குத்தாகும். பிதாகரஸ் தேற்றப்படி அம்மூலைவிட்டம் ஏறத்தாழ 204 சென்டிமீட்டர். பரண் தடுத்துவிடும். பரண் இல்லாத பகுதியில் நிமிர்த்தி, பின் நகர்த்தலாம். அதற்கும் இடமில்லையேல் கழற்றிப் பூட்டத்தக்க பீரோவையோ உயரம் குறைந்ததையோ தேர்க.

குளிர்சாதனப் பெட்டியை இயன்றவரை நிமிர்த்தியே கொணர்தல் வேண்டும். படுக்க வைத்தால் கம்ப்ரசரிலுள்ள எண்ணெய் குழாய்களுக்குள் சென்றுவிடக்கூடும். அவ்வாறு கொணர நேர்ந்தால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பின்னரே மின் இணைப்புத் தருக.

4. நின்ற பின்னும் இடம் வேண்டும்

பொருளின் நீள அகலத்தைச் சாக்கட்டியால் தரையில் வரைந்து, ஒரு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். பீரோவின் கதவு திறக்குமா? குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் காற்றோடுமா? துவைப்பு இயந்திரத்திற்குக் குழாயும் வடிகாலும் அருகில் உள்ளனவா? இரவில் எழும் பாட்டி இடறாமல் நடக்க வழி எஞ்சுமா? இவ்வினாக்களுக்கு ஆம் என்னும் விடை கிடைத்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும். அளவுநாடா பிடிக்கும் பணி உங்களுடையதாகட்டும்.

சொற்பொருள்

குறுக்கம் – ஒடுங்கிய இடம்
நிலைச்சட்டம் – கதவு பொருத்தப்படும் சட்டம்
பரண் – சுவரின் மேற்பகுதியில் பொருள் வைக்கும் தட்டு
மூலைவிட்டம் – எதிர் மூலைகளை இணைக்கும் கோடு

பயிற்சி

1. 140 டன் கருவி சுரங்கத்துள் எவ்வாறு கொண்டு செல்லப்பட்டது?
2. ‘மிகச் சிறிய அளவே முடிவு கூறும்’ – விளக்குக.
3. உயரம் 192 செ.மீ., ஆழம் 56 செ.மீ. உடைய பீரோவை, 198 செ.மீ. உயரப் பரணுக்கு அடியில் நிமிர்த்த இயலுமா? கணக்கிட்டுக் கூறுக.
4. பிரித்து எழுதுக: தலைவாயில், சுரங்கத்துள்ளேயே, அம்மூலைவிட்டம்.
5. உங்கள் வீட்டு வாயில், நடை, படிக்கட்டு ஆகியவற்றை அளந்து பட்டியலிடுக. தொடக்கத்தில் ஊகித்த எண்ணுடன் ஒப்பிடுக.