கொதிகலன் மிகைச் சூடடைவது ஏன்?

சென்ற ஆண்டு தை மாதத்திலே, நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் இலண்டனிலிருந்து நமக்கு ஒரு மின்மடல் விடுத்திருந்தார். அந்நாட்டு வீடுகளிலே அறைகளைச் சூடாக்குவதற்கும் குழாய்க்கு வெந்நீர் தருவதற்கும் சேர்த்து ஒரே கொதிகலனைச் சுவரில் மாட்டிவைப்பது வழக்கம். 'கொம்பி பொயிலர்' என்று அதனை வழங்குவர். நம் மாணவரின் வீட்டுக் கொதிகலன் பத்து நிமிடம் எரிந்ததும் மிகைச் சூடு என்று குறிகாட்டித் தானே அணைந்துவிடுகின்றதாம். மீளியக்கும் பொத்தானை அழுத்தினால் மறுபடியும் பத்தே நிமிடம். "வீட்டில் ஆறு மாதக் குழந்தை இருக்கிறது, சேர். வெளியே பனி. நாளைக்கு மூடியைக் கழற்றி நானே பார்க்கப் போகிறேன்" என்று முடித்திருந்தார்.

நாம் தமிழாசிரியர். ஆளில்லாக் குறையினால் எட்டாம் வகுப்புக்குச் சில ஆண்டுகள் விஞ்ஞானமும் கற்பித்தோம். அந்த உரிமையிலேதான் அவர் எழுதினார். கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலே இருப்பினும், மார்கழிக் குளிருக்கு ஒரு கம்பளியே நமக்குப் போதுமானது. வீட்டைச் சூடாக்கும் கொதிகலனை நாம் கண்ணாலும் கண்டதில்லை. ஆயினும், அதற்கு நெருங்கிய உறவினன் ஒருவனை மலைநாட்டார் நன்கறிவர். அவன் தேயிலைத் தொழிற்சாலையின் அடுப்பு.

நகரிலிருந்து அந்தானை மலையேறிச் செல்வோர், 1925ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற பழைய தொழிற்சாலை 2001ஆம் ஆண்டிலே தேயிலை நூதனசாலையாக மாறியிருப்பதைக் காணலாம். இத்தகைய தொழிற்சாலைகளிலே அடுப்பு தேயிலையை நேரே சுடுவதில்லை. அடுப்பிலுள்ள இரும்புக் குழாய்களைத் தீ சூடாக்கும். குழாய்களைத் தழுவிச் செல்லும் காற்று அச்சூட்டை ஏந்திக்கொள்ளும். பெரிய விசிறி அக்காற்றை உலர்த்திக்குள் இழுத்துவிடும். ஏறத்தாழ 90 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் உட்புகும் காற்று, நொதித்த கொழுந்தின் ஈரத்தை நூற்றுக்கு மூன்று பங்களவாகக் குறைத்துவிடுகின்றது.

நாம் சிறுவனாயிருந்த காலத்தில், ஒரு தோட்டத் தொழிற்சாலையிலே மின்சாரம் திடீரென நின்றுபோனதைக் கண்டோம். விசிறி ஓய்ந்தது. அடுப்புக்காரர் யாருடைய கட்டளைக்கும் காத்திராமல் ஓடிவந்து, நீண்ட இரும்புக் கொக்கியினால் எரியும் விறகையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டார். தீ அளவு கடந்துவிட்டதோ என்று கேட்டோம். "தீ கூடல தம்பி, காத்து நின்னுபோச்சி. விட்டா கொழாய் வெடிச்சிரும்" என்றார். வெப்பத்தைப் பற்றி நாம் கற்ற முதற் பாடம் அதுவே. பயிற்சிக் கலாசாலையிலே பின்னர்ப் படித்தவை அதற்கு உரை போன்றவை.

இலண்டன் கொதிகலனிலும் கதை இதுவேயாகும். காற்றின் இடத்தில் நீர். விசிறியின் இடத்தில் பம்பி. வாயுச் சுடர் வெப்பமாற்றியைச் சூடாக்க, பம்பி நீரை அதனூடே தள்ளி, அறைதோறும் உள்ள ரேடியேற்றர்களுக்கு அனுப்புகின்றது. சூட்டை ஆங்கே இறக்கிவிட்டு நீர் திரும்பி வருகின்றது. 24 கிலோவாற்று வலுவுள்ள கொதிகலனொன்றை எடுத்துக்கொள்வோம். 60 பாகையில் திரும்பிவரும் நீர் 80 பாகையில் வெளியேறவேண்டுமாயின், நிமிடத்துக்கு 17 இலீற்றர் அளவில் நீர் ஓடவேண்டும். ஓட்டம் பாதியாகக் குறைந்து சுடர் குறையாதிருப்பின், ஏற்றம் 20 பாகைக்குப் பதிலாக 40 பாகையாகும். 60இல் வந்த நீர் 100இல் நிற்கும். தீ ஒரு சிறிதும் கூடவில்லை என்பதைக் கவனிக்க. சுடரைத் தானே தணிக்கும் வசதி புதிய கொதிகலன்களில் உண்டு. அதற்கும் ஓர் எல்லை இருப்பதனால், அவ்வெல்லையைக் கடந்ததும் பாதுகாப்புக் கருவி வாயுவை நிறுத்திவிடுகின்றது. ஆகவே நம் மாணவரை வருத்திய அந்த அணைதல் நோயன்று, காவல். பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவது காவலனை அடித்து விரட்டுவதற்கு ஒப்பானது.

மூடியைத் தொடவேண்டாம் என்றே முதலில் எழுதினோம். அந்நாட்டிலே வாயுக் கருவிகளைத் திருத்துவோர் வாயுப் பாதுகாப்புப் பதிவேட்டில் இடம்பெற்றிருத்தல் வேண்டும். 2009ஆம் ஆண்டு முதல் அப்பதிவேடு நடைமுறையில் உள்ளது. மூடி சரியாகப் பொருந்தாவிடில், நிறமும் மணமும் அற்ற காபனோரொட்சைட்டு வீட்டினுள் கசியலாம். குழந்தை உறங்கும் வீட்டிலே அந்த விளையாட்டு ஆகாது. கையால் தொட்டும் கண்ணால் கண்டும் அறியத்தக்கவற்றை மட்டும் கேட்டோம்.

குளிர்ந்திருக்கும்போது அமுக்கமானி என்ன காட்டுகின்றது? 1.3 பார் என்றார். ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடைப்பட்டிருப்பதே முறையாதலால், நீர்க் குறைவு இல்லை. (அமுக்கம் ஏறினால் நீரின் கொதிநிலையும் ஏறும். நுவரெலியாவில் 94 பாகையளவிற் கொதிக்கும் நீர், அவர் வீட்டுக் குழாய்களில் 120 பாகையைக் கடந்த பின்னரே கொதிக்கும். எட்டாம் வகுப்பில் இதை நம்ப மறுத்தவர் இவரே.)

குழாயைத் திறந்து வெந்நீர் எடுக்கும்போதும் அணைகின்றதா? இல்லை என்றார். இவ்விடை பெறுமதி வாய்ந்தது. கொதிகலனுள்ளே ஒரு மூவழி வால்வு இருந்து, சூடான நீரை ரேடியேற்றர்களுக்கோ, குழாய்நீரைச் சூடாக்கும் சிறிய தகட்டு வெப்பமாற்றிக்கோ திருப்பிவிடுகின்றது. இரு வழிக்கும் பம்பி ஒன்றே, சுடரும் ஒன்றே. வெந்நீர் வழி செவ்வனே நடக்குமாயின், பம்பியும் பெரிய வெப்பமாற்றியும் பெரும்பாலும் பழுதற்றவை. தடை வெளியே, ரேடியேற்றர்களின் பக்கத்தில் இருத்தல் வேண்டும். மாறாக, வெந்நீர் எடுக்கும்போது மட்டும் அணைந்திருக்குமாயின், சிறிய தகடுகளிலே சுண்ணப் படிவு ஏறியுள்ளதெனச் சந்தேகித்திருப்போம். இலண்டனின் நீர் வன்னீர். கேத்தலின் அடியிலே வெண்மையாய்ப் படிவதும் அச்சுண்ணமே.

கொதிகலனிலிருந்து வெளிச்செல்லும் குழாயும் திரும்பிவரும் குழாயும் எவ்வாறுள்ளன? ஒன்று கைவைக்கவொண்ணாச் சூடு, மற்றது ஏறக்குறையக் குளிர் என்றார். நீர் போகின்றது போலிருந்தும் திரும்பிவரவில்லை என்பது பொருள். எஞ்சியது ஒரே வினா. ரேடியேற்றர்கள் எங்கே குளிர்ந்திருக்கின்றன, மேலா, கீழா? மேலே குளிர்ந்தால் உள்ளே காற்று அடைபட்டிருக்கும். சிறு சாவியினால் அதனை வீட்டுக்காரரே வெளியேற்றிவிடலாம். கீழே குளிர்ந்தால் அடியிற் சேறு படிந்திருக்கும். கீழ்த்தளத்தில் மூன்றும் அடியிலே குளிர்ந்திருந்தன.

இச்சேறு வெளியிலிருந்து வருவதன்று. உருக்கு ரேடியேற்றர்கள் உள்ளிருந்தே மெல்ல அரிக்கப்பட்டு, கருநிற இரும்பொட்சைட்டுப் பொடியாய் நீரோடு கலந்து, ஓட்டம் மந்தமான இடங்களில் அமர்ந்துவிடுகின்றது. அரிப்பைத் தடுக்கும் மருந்தை நீரிற் சேர்த்துவைப்பர். இரண்டாண்டுக்கு முன் ஒரு ரேடியேற்றரை மாற்றியபோது, பழைய நீரை வடித்துப் புதுநீரை நிரப்பியவர் அம்மருந்தை இட மறந்தாரோ என்னவோ. நமக்கு மடல் வருமுன்பே வேறொருவர் வந்து, வெப்ப உணரியை மாற்றிவிட்டுக் கூலியும் பெற்றுச் சென்றிருந்தார். சுரமானியை மாற்றிச் சுரத்தைத் தணிக்க முயன்ற வைத்தியர் போலும்!

நம் வினாக்களையும் தம் விடைகளையும் மாணவர் ஒரு தாளில் எழுதி, பதிவுபெற்ற வேறொரு தொழில்நுட்பவியலாளரிடம் காட்டினார். அவர் அதனைப் படித்துவிட்டு, நேரே ரேடியேற்றர்களைக் கழுவத் தொடங்கினாராம். ஒரு முழுநாள் வேலை. திரும்பிவரும் குழாயிலே காந்த வடிகட்டி ஒன்றையும் பொருத்திச் சென்றார். அன்றிரவு முதல் கொதிகலன் அணையவில்லை. குளிர்காலம் முடிந்த பின்பும் மாதத்துக்கொரு முறை சில நிமிடம் சூடாக்கியை இயக்கிவிடும்படி நாம் சொல்லிவைத்தோம். மாதக்கணக்காய் அசையாதிருக்கும் பம்பி இறுகிப்போவதுண்டு.

ஆடியில் அவர் குடும்பத்தோடு கண்டிக்கு வந்தபோது, சிறு போத்தலொன்றிலே அந்தக் கருஞ்சேற்றைக் கொண்டுவந்து நம் மேசைமீது வைத்தார். எட்டாம் வகுப்பிலே போத்தலின் வெளிப்புறத்திற் காந்தத்தைப் பிடித்து மெல்ல உயர்த்தினோம். கண்ணாடிச் சுவரைப் பற்றிக்கொண்டு சேறு மேலே ஏறிற்று. பின்வாங்கிலிருந்த பிள்ளைகளும் எழுந்து முன்னே வந்தனர்.