காலாவதியாகும் பெயருக்கு வரிசை விற்க வந்த கதை

புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்யும் நண்பரொருவர் பதற்றத்துடன் தொலைபேசியில் அழைத்தார். கடைப் பெயரில் வைத்திருந்த ‘டொட் கொம்’ இணையத்தளம் திறக்கவில்லையாம். பார்த்தால், வருடக் கட்டணம் கட்டப்படாமல் பெயர் காலாவதியாகியிருந்தது. “வேற யாரும் எடுக்க முந்தி வரிசையில நிண்டு எடுக்க ஏலாதா நானா?” என்று கேட்டார்.

இதே வரிசையை ஒரு கம்பனி விற்க முன்வந்ததும், அதனால் பெரும் சர்ச்சை எழுந்ததும் நமது வர்த்தகர்களில் பலருக்குத் தெரியாது.

டொட் கொம், டொட் நெட் பெயர்களின் மூலப் பதிவேடு வெரிசைன் என்ற அமெரிக்கக் கம்பனியிடம் மாத்திரமே உள்ளது. நாம் பெயர் வாங்கும் பதிவுக் கம்பனிகள் சில்லறைக் கடைகள். வெரிசைன்தான் மொத்தக் கடை. இவர்களை ஐகேன் என்ற அமைப்பு மேற்பார்வை செய்கிறது. 2001 டிசம்பர் இறுதியில் வெரிசைன் ‘காத்திருப்போர் பட்டியல்’ சேவையொன்றை முன்மொழிந்தது. ஏற்கெனவே ஒருவர் வைத்திருக்கும் பெயருக்கு இன்னொருவர் பணம் கட்டி இடம்பிடிக்கலாம். ஒரு பெயருக்கு ஓர் இடம்தான், முந்தியவருக்கே அது. அப்பெயர் கைவிடப்பட்டால் நேரே அவருக்குப் போகும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உரிமையாளர் பெயரைப் புதுப்பித்துவிட்டால் கட்டிய பணம் போனதுதான். வராமலே போகக்கூடிய சரக்குக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்குவது என்ன வியாபாரம் என்று பலர் கேட்டனர். அக்காலத்தில் விடுபடும் பெயர்களைப் பிடித்துத் தர பல சில்லறைக் கம்பனிகள் போட்டியிட்டன. சில, பெயர் கிடைத்தால் மாத்திரமே காசு எடுத்தன. பதிவேட்டைக் கையில் வைத்திருப்பவரே வரிசையையும் விற்றால் அந்தப் போட்டி எப்படி நிலைக்கும்? எந்த வாடிக்கையாளர் புதுப்பிக்கமாட்டார் என்பதை முன்கூட்டி அறியக்கூடிய பதிவுக் கம்பனிகளே நல்ல பெயர்களுக்கு முந்திக்கொள்ளும் என்ற அச்சமும் இருந்தது. என்னைக் கேட்டால் அதுதான் மிக நியாயமான அச்சம்.

2002 ஜூலையில் ஐகேனின் பெயர் விவகார ஆலோசனைச் சபை இதனை நிராகரிக்கும்படி சிபாரிசு செய்தது. எனினும் ஆகஸ்டில் ஐகேன் பணிப்பாளர் சபை நிபந்தனைகளுடன் அனுமதி வழங்கியது. மொத்தக் கட்டணம் வருடத்துக்கு 24 டொலருக்கு மேற்படலாகாது. ஒருவரது பெயருக்கு வேறொருவர் இடம்பிடித்தால் உரிமையாளருக்கு அறிவிக்கவேண்டும். அன்று ஒரு பெயரின் வருட மொத்த விலையோ 6 டொலர்! 2003இல் சில பதிவுக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. இழுபறி நீண்டு, கடைசியில் அச்சேவை ஆரம்பிக்கப்படவேயில்லை.

ஆகவே அப்படியொரு வரிசை இல்லை என்று நண்பரிடம் சொன்னேன். விடுபடும் பெயரைப் பிடித்துத் தரும் கம்பனிகள் இன்றும் உண்டு. கிடைக்கும் என்ற உத்தரவாதம்தான் இல்லை. ஆனால் அவருக்கு அவகாசம் இருந்தது. காலாவதியானதும் பதிவுக் கம்பனி சில வாரங்கள் பொறுக்கலாம். அது பெயரை நீக்கிய பின்னரும் பழைய உரிமையாளர் மீட்டெடுக்க 30 நாட்கள் உண்டு. செலவு மட்டும் கூட. அதன் பின் 5 நாட்களில் பெயர் சந்தைக்கு வந்துவிடும். சில கம்பனிகள் நீக்காமலே ஏலத்தில் விடுவதால் பொறுத்திருக்கவும் கூடாது.

“நினைவூட்டல் கடிதம் உங்களுக்கு வரவில்லையா?” என்று கேட்டேன். காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னும் ஒரு வாரம் முன்னும் அறிவிக்கவேண்டும் என்பது 2013இலிருந்து ஐகேனின் விதி. வந்திருக்கிறது, ஆனால் இவருக்கல்ல. தளத்தைச் செய்துகொடுத்த தம்பி தனது பெயரிலும் தனது மின்னஞ்சலிலும் பதிந்திருக்கிறார். பதிவேட்டின்படி கடைப் பெயருக்கு உரிமையாளர் அந்தத் தம்பி. அவரோ இப்போது கத்தாரில் வேலை.

மூன்று நாட்கள் அலைந்து அவரது உம்மாவிடமிருந்து இலக்கத்தைப் பெற்றோம். பெயர் அப்போது மீட்புக் காலத்தில் இருந்தது. தம்பி அங்கிருந்தே கம்பனிக்கு எழுத, நண்பர் வழமையான கட்டணத்தைப் போலப் பல மடங்கு கட்டி மீட்டார். உரிமையாளர் பெயரை மாற்றும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.