பழந்துப்பாக்கி உறுப்புகளை இனங்காணல்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

துப்பாக்கி முழுமையாக இருந்தால் அதன் பெயரைக் கண்டறிவது எளிது. தனியே கழன்று கிடக்கும் ஓர் இரும்புத் துண்டு எதற்கு உரியது என்று சொல்வதே கடினம். ஒரு முறைக்கு ஒரே தோட்டா கொள்ளும் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துப்பாக்கிகளின் உறுப்புகளை இனங்காண, நாம் வகுப்பில் பயிலும் சுழலச்சு என்னும் கருத்து எவ்வாறு உதவுகிறது என்பதை, நூல்களின் வரைபடங்களைக் கண்டு நான் அறிந்த அளவில் இங்கு விளக்க முயல்கிறேன்.

குழலின் முன்வாய் வழியே மருந்து கெட்டித்து வந்த படைகள் பல, 1860களில் பின்வாய் வழியே தோட்டா இடும் முறைக்கு மாறின. தோட்டா இட்டபின் பின்வாயை மூட ஓர் அடைப்பான் வேண்டும். அதைத் திறந்து மூடும் வழியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அமைத்தனர். ஆகவே அடைப்பான் ஒன்று கைக்குக் கிடைத்தால் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, இது எந்த அச்சைப் பற்றிச் சுழன்றது என்பதே.

அச்சு குழலுக்கு இணையாக இருக்கலாம். வலப்பக்கக் கீலில் பெட்டி மூடிபோல் திறப்பது, 1866இல் பிரிட்டன் ஏற்ற ஸ்னைடர். உருளை வடிவில், தோட்டா நுழையப் பள்ளம் வெட்டப்பட்டிருப்பது ஆஸ்திரியா-ஹங்கேரியின் 1867ஆம் ஆண்டு வெர்ண்டில்.

அச்சு குழலுக்குக் குறுக்காகவும் இருக்கலாம். முன்பக்கக் கீலில் மேல்நோக்கித் திறந்தால் அமெரிக்காவின் 1873ஆம் ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டையோ பெல்ஜியத்தின் அல்பினியையோ கருதலாம். கீழே உள்ள ஆணியைப் பற்றிப் பின்னோக்கி உருள்வது ரெமிங்டன். அச்சுத்துளை பின்முனையில் இருந்து, முன்முனை கீழே தாழ்ந்தால் பீபாடி அல்லது 1871இல் பிரிட்டன் ஏற்ற மார்ட்டினி-ஹென்றி. இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிது. பீபாடியின் சுத்தியல் வெளியே இருக்கும். மார்ட்டினியிலோ குத்தூசியும் சுருள்வில்லும் அடைப்பானுக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

துருவேறி வடிவம் மங்கியிருந்தால் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். உரசிய பக்கம் வழவழப்பாகியிருக்கும். பள்ளிக்கூடம் செல்லாத என் தந்தையார் கொல்லுப் பட்டறையில் வேலை செய்கிறார். பழைய கதவுக் கீலைத் திருப்பிப் பார்த்தே அக்கதவு எந்தப் பக்கம் திறந்தது என்று சொல்லிவிடுவார். அவர் செய்வதும் இதே ஆய்வுதான்.

பொறித்த எழுத்தையும் எண்ணையும் இறுதியாகவே பார்க்க வேண்டும். கைபர் கணவாய்ப் பகுதிப் பட்டறைகளில் மார்ட்டினியைப் பார்த்துச் செய்த நகல்கள் சிலவற்றில், விக்டோரியா அரசியின் முத்திரையோடு 1901க்குப் பிந்திய ஆண்டும் காணப்படுகிறது. அரசி மறைந்ததோ 1901 சனவரியில்! எழுத்தை மட்டும் நம்பிப் பெயர்ச்சீட்டு ஒட்டிக் காட்சிப் பேழையில் வைத்துவிட்டால், பின்னர் வருவோர் அனைவரும் அந்தத் தவற்றையே உண்மையென்று கற்பர்.

எனவே நண்பர்களே, எந்தப் பொருளாயினும் பெயரைத் தேடுமுன் அதன் இயக்கத்தைத் தேடுவோம்.