சேலம், நாமக்கல் சமவெளிகள்: நிலமும் மக்களும்

ஒரு நாட்டு மக்களின் வாழ்க்கையை அறிய விரும்புவோர் முதற்கண் அந்நாட்டின் நிலத்தையும் நீரையும் ஆராய்தல் வேண்டும். இவ்வுண்மைக்குச் சேலம், நாமக்கல் சமவெளிகள் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். அவற்றின் இயல்பை ஈண்டுச் சுருங்க நோக்குவோம்.

வடக்கே சேர்வராயன் மலையும், கிழக்கே கல்வராயன் மலையும், தென்கிழக்கே போதமலையும் கொல்லிமலையும் நிற்கின்றன. மேற்கிலும் தெற்கிலும் காவிரி ஓடுகின்றது. நடுவே கஞ்சமலை, நகரமலை, ஜருகுமலை முதலிய குன்றுகள் ஆங்காங்கே தலைதூக்குகின்றன. சேர்வராயன் மலையிற் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரினூடே தெற்கு நோக்கிச் சென்று காவிரியிற் கலக்கின்றது. வசிஷ்ட நதியோ ஆத்தூர் வழியே கிழக்கு நோக்கிச் செல்கின்றது. இவை மழைக்காலத்து ஆறுகளேயன்றி வற்றாத ஜீவநதிகள் அல்ல.

1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இப்பகுதி திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறிற்று. அக்காலத்துப் பரந்திருந்த சேலம் ஜில்லாவினின்று 1965-இல் தருமபுரியும், 1997-இல் நாமக்கல்லும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன.

காவிரி எல்லையில் ஓடியும் இச்சமவெளியின் பெரும்பகுதி புன்செய் நிலமாயிருப்பது ஏன்? ஆறு தாழ்ந்த மட்டத்திலும் நிலம் மேட்டிலும் இருப்பதே காரணம். 1934-இல் முடிவுற்ற மேட்டூர் அணையின் நீர் பெரும்பாலும் தஞ்சைக் கழனிகளுக்கே செல்கின்றது. ஜேடர்பாளையத்தில் தொடங்கும் இராஜவாய்க்கால் பாயும் பரமத்தி வேலூர்ப் பக்கத்தில் வாழையும் வெற்றிலையும் செழிக்கின்றன. ஏனைய ஊரார்க்குக் கிணறே கதி. எருது பூட்டிக் கவலை இறைத்துச் சோளமும் கேழ்வரகும் நிலக்கடலையும் விளைவித்தவர் அவர்.

நீர் குறைந்த நாட்டில் மக்கள் கைத்தொழிலை நாடினர். தேவாங்கரும் சௌராஷ்டிரரும் பிறரும் நெய்த ஆடைகளால் சேலம் புகழ்பெற்றது. சேலம் வெண்பட்டு இன்றும் பெயர் பெற்றுள்ளது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருதல் நின்றபோது, மரவள்ளிக் கிழங்கினின்று அதனைச் செய்யும் தொழில் இங்கு வேரூன்றிற்று. நாமக்கல் கோழிப்பண்ணைகளாலும் லாரித் தொழிலாலும் உயர்ந்தது. நிலத்தைத் துளைத்து நீர் காணும் வண்டிகள் திருச்செங்கோட்டினின்று பாரத தேசமெங்கும் செல்கின்றன. நீருக்கு வருந்திய மக்களே நீர் தேடும் வித்தையில் வல்லவராயினர்!

எனினும் இவ்வெற்றியினுள்ளே ஓர் அபாயமும் உளது. இந்நிலத்தின் அடியில் இருப்பது கடும்பாறை. நீர் அதன் மேலடுக்கிலும் வெடிப்புகளிலும் மட்டுமே தங்கும். மழையால் மெல்ல மெல்லவே நிறையும். மின்சாரப் பம்பு வந்தபின் இறைப்பு பெருகிற்று. கிணறுகள் பல வறண்டன. துளைகள் நூற்றுக்கணக்கான அடி ஆழஞ் சென்றன. ஆழத் தோண்ட வல்லவன் நீர் பெறுகின்றான். வறியவன் நிலம் தரிசாகின்றது. சாயக் கழிவும் ஆலைக் கழிவும் திருமணிமுத்தாற்றையும் கெடுத்துள்ளன.

வட ஆப்பிரிக்காவில், அல்ஜீரியாவின் தூவாத் என்னும் பாலைநிலத்தார் இவ்விடரை வேறு வகையில் எதிர்கொண்டனர். அவர்கள் 'பொக்காரா' என்னும் சுரங்க வாய்க்கால்களை வெட்டி, தானே வழிந்தோடும் நீரை மட்டும் கொண்டு, அதனை அளந்து பங்கிட்டுப் பேரீச்சந் தோப்புகளை வளர்த்தனர். அங்கே சுரங்க வாய்க்கால் பங்குதாரர் பலரின் கூட்டுடைமை; நீர் அவரவர் பங்கின்படி உரியது. இங்கே கிணறு அவரவர் தனியுடைமை. ஆயினும் நிலத்தடி நீர் வேலி அறியாது. ஒருவன் தன் துளையில் இறைப்பது அயலான் கிணற்று நீருமாகும்.

ஆகவே ஏரிகளைத் தூர்வாரி மழைநீரைத் தேக்குதலும், இறைப்புக்கு ஊரார் கூடி வரம்பு செய்தலும் இன்றியமையாதன. இப்பகுதியினின்று வந்துள்ள மாணவர்கள் விடுமுறையில் தம் ஊர்க் கிணறுகளின் ஆழத்தை அளந்து, முதியோரிடம் முன்னைய நீர்மட்டத்தைக் கேட்டுக் குறித்து வருவாராயின், பூகோள சாஸ்திரம் ஏட்டளவில் நில்லாது ஊருக்குப் பயன்படும் கல்வியாய் விளங்கும்.